ஒரே அடுப்பில் மாமியாருக்கும் மகளுக்கும்: பால் சேராத டெல்டா சமையல்

கேள்வி: எங்கள் வீடு மயிலாடுதுறை பக்கம். எப்போதும் சைவம்தான். மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. ராத்திரி சாப்பிட்டது செரிக்காமல் நெஞ்சைக் கரிக்கிறது என்கிறார். மகள் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து வீகன் ஆகிவிட்டாள், பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சமைத்து மாளவில்லை. நம்ம ஊர்ச் சமையலிலேயே இருவருக்கும் ஒத்துவருகிற மாதிரி என்ன செய்யலாம்?

பதில்:

தாராளமாகச் செய்யலாம். தனித்தனிச் சமையலே தேவைப்படாது. நம் பக்கத்துச் சாப்பாட்டில் பால் எங்கெங்கே வருகிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். பருப்புச் சாதத்துக்கு மேலே விடுகிற நெய், ரசத்துக்குத் தாளிக்கிற நெய், மோர்க்குழம்பு, தயிர்ப்பச்சடி, கடைசியில் மோர்ச்சாதம். அப்புறம் காபி, பாயசம். அவ்வளவுதான். குழம்பு, கூட்டு, பொரியல், மசியல், துவையல், உசிலி எதுவும் பாலை நம்பி இல்லை. அரிசியும் பருப்பும் தேங்காயும் நல்லெண்ணெயும்தான் நம் சமையலின் உடம்பு. நெய் என்பது கடைசியில் மேலே விடுகிற ஒரு ஸ்பூன். உங்கள் மகளுக்காக மாற்ற வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு ஸ்பூனைத்தான். கடையில் பெட்டியில் வருகிற பாதாம் பால், சோயா பனீர் எல்லாம் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் அங்கிருந்து தொடங்காதீர்கள். அங்கே தொடங்கினால் அவளுக்கென்று ஒரு தனி அலமாரி, தனிச் சமையல் என்று ஆகிவிடும்.

பாலை விட்டால் சத்துக்கு என்ன செய்வது என்ற பயம் எல்லா அம்மாக்களுக்கும் வரும். அதற்கு விடை உங்கள் ஊர் வயலிலேயே இருக்கிறது. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைத்துவிடுவார்கள். அறுத்து முடிக்கும்போது தாளுக்கு நடுவே பயறு முளைத்து நிற்கும். வயலில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்து பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வந்து சேரும். நெல்லும் பயறும் ஒரே மண்ணில் அடுத்தடுத்து விளைவது போலவே தட்டிலும் சேர்ந்து வரவேண்டியவை. அரிசிப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைகிற மெத்தியோனைன் அரிசியில் இருக்கிறது. ஒரு நாள் சாப்பாட்டில் இரண்டும் போதுமான அளவு சேர்ந்தால் புரதம் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் சோறு ஒரு மலை, பருப்பு ஒரு கரண்டி என்று போடுகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சோற்றைக் குறைத்துக் கூட்டைக் கூட்டுங்கள். மாமியாருக்கும் அதுதான் நல்லது.

இனி சமையல். நான் முதலில் சொல்வது பொரிச்ச குழம்பு. புளி கிடையாது, பால் கிடையாது, எண்ணெயும் ஒன்றரை ஸ்பூன்தான். உடம்பு சரியில்லாதவர்களுக்குப் பத்தியமாக வைக்கிற குழம்பு என்றே இதை ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, வாரத்தில் இரண்டு நாள் வைக்கலாம். நாலு பேருக்கு அரை டம்ளர் பாசிப்பருப்பை மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவையுங்கள். புடலங்காய், அவரைக்காய், முருங்கைக்காய், எது இருக்கிறதோ அதை இரண்டு டம்ளர் அளவுக்கு நறுக்கி, உப்புப் போட்டுத் தனியாக வேகவிடுங்கள். அரை ஸ்பூன் எண்ணெயில் ஒரு டேபிள்ஸ்பூன் உளுத்தம்பருப்பு, முக்கால் டீஸ்பூன் மிளகு, ஒரு காய்ந்த மிளகாய், சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம் வறுத்து, மூன்று டேபிள்ஸ்பூன் தேங்காய், அரை டீஸ்பூன் சீரகம் சேர்த்து நைசாக அரைக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது உளுத்தம்பருப்பு. அது பொன்னிறத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் சிவந்து கருகினாலும் குழம்பு முழுக்கக் கசப்பு ஏறும், வெளுப்பாக எடுத்தாலோ பச்சை வாடையோடு வழவழவென்று ஆகும். அரைத்ததைப் பருப்போடும் காயோடும் சேர்த்து ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். தேங்காயெண்ணெய் மணம் வந்துவிட்டால் நெய் இல்லை என்பதே தெரியாது. மாமியாருக்கு நெஞ்செரிச்சல் அதிகமான நாளில் மிளகைப் பாதியாக்கிச் சீரகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சிலருக்கு மிளகும் எரிச்சலைக் கிளப்பும்.

வாழைத்தண்டு உங்கள் ஊரில் மலிவு. அதைச் சுத்தம் செய்யத்தான் பலரும் பயப்படுகிறார்கள். வெளிப்பட்டையை உரித்து, உள்ளே தொட்டால் நகம் இறங்குகிற இளந்தண்டு வரும்வரை போகவேண்டும். பிறகு மெல்லிய வட்டமாக ஒவ்வொன்றாக நறுக்கி, நறுக்கிய வில்லையைத் தண்டிலிருந்து இழுக்கும்போது சிலந்தி நூல் மாதிரி நார் நீளும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போங்கள். நாலைந்து வில்லைக்குள் விரலில் ஒரு சின்னப் பஞ்சு மோதிரம் சேர்ந்துவிடும், அதை உருவிப் போட்டுவிட்டு அடுத்த வில்லை. நறுக்கியது கறுக்காமல் இருக்க எல்லோரும் மோரில் போடுவார்கள். இங்கேதான் மகளுக்குப் பால் வந்து சேர்கிறது, யாரும் கவனிப்பதில்லை. மோருக்குப் பதில் நீர்க்கக் கரைத்த புளித்தண்ணீர் போதும், இல்லாவிட்டால் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து அதில் போடுங்கள். கறுக்கவே கறுக்காது. வாழைப்பூவுக்கும் இதே வழிதான். தண்டைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து விட்டால் கூட்டு ஆயிற்று. பூவை ஆய்ந்து நறுக்கினால் பருப்பு உசிலி.

உசிலி என்றதும் எண்ணெய் ஞாபகம் வரும். ஊறவைத்து அரைத்த பருப்பை அப்படியே வாணலியில் கொட்டி உதிர்ப்பதால்தான் அது எண்ணெய் குடிக்கிறது. அரை டம்ளர் துவரம்பருப்பு, கால் டம்ளர் கடலைப்பருப்பை ஒன்றரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, மிளகாய், உப்பு, பெருங்காயத்தோடு கரகரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் பன்னிரண்டு நிமிஷம் ஆவியில் வையுங்கள். நன்றாக ஆறின பிறகு கையால் உதிர்த்தால் பொலபொலவென்று வரும். சூட்டோடு உதிர்த்தால் கட்டி கட்டியாக நிற்கும். பிறகு வெந்த பூவோடு சேர்த்துப் புரட்ட இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் போதும். ஆனால் இது மத்தியானத்துக்குத்தான். பருப்பு உசிலியை ராத்திரி மாமியாருக்கு வைக்க வேண்டாம்.

ராத்திரிக்கு அவருக்கு ஏற்றது ஆவியில் வெந்ததும் கஞ்சியும். உப்புமாக் கொழுக்கட்டையை எல்லா வீட்டிலும் விரதத்துக்கென்று வைத்திருக்கிறார்கள், சாதாரண நாளில் அதைச் செய்தால் என்ன? ஒரு டம்ளர் புழுங்கலரிசியோ பச்சரிசியோ, இரண்டு ஸ்பூன் துவரம்பருப்பு, அரை அரை ஸ்பூன் மிளகு, சீரகம், எல்லாவற்றையும் மிக்ஸியில் ரவையாக உடைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை டம்ளர் தண்ணீரில் தாளித்துக் கொதிவந்ததும் உப்பு, இரண்டு ஸ்பூன் தேங்காய்த்துருவல், ரவை போட்டுக் கிளறி, முக்கால் பதம் வெந்ததும் இறக்கி, கைபொறுக்கிற சூட்டில் பிடித்து ஆவியில் பத்து நிமிஷம். தொட்டுக்கொள்ளக் கொத்சு. கொள்ளிடம் தாண்டிச் சிதம்பரத்தில் சம்பா சாதத்துக்கு வைக்கிற கொத்சு கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கிச் செய்வது. வீட்டில் கத்தரிக்காயை அடுப்புத் தீயிலேயே சுட்டுத் தோலெடுத்து மசித்தால் எண்ணெய் பாதியாகும். தனியா ஒரு டேபிள்ஸ்பூன், கடலைப்பருப்பு ஒரு ஸ்பூன், இரண்டு மிளகாய் வறுத்துப் பொடித்து, நெல்லிக்காய் அளவு புளி மட்டும் கரைத்துவிட்டுக் கொதிக்கவையுங்கள். எலுமிச்சம்பழ அளவு புளி எடுப்பது மத்தியானக் குழம்பில் சரி, ராத்திரியில் நெஞ்சைக் கரிக்கும்.

அதைவிட எளிது பயத்தங்கஞ்சி. பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, அதே அளவு பச்சரிசி சேர்த்து, ஆறு மடங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சுக்குப்பொடியும் போட்டு, இறக்கிய பிறகு இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் விடுங்கள். தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையலோ கறிவேப்பிலைத் துவையலோ ஒரு கொட்டைப்பாக்கு அளவு. எதைச் சாப்பிட்டாலும் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் முடித்துவிடச் சொல்லுங்கள். அப்படியும் கரிப்பு நிற்கவில்லையென்றால் சமையலை நம்பிக் காத்திராமல் டாக்டரைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கும்பகோணம் கடப்பா இருக்கவே இருக்கிறது. இட்லி, தோசைக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து கிடையாது, தானாகவே வீகனாகவும் இருக்கிறது. அரை டம்ளர் பாசிப்பருப்பு, இரண்டு உருளைக்கிழங்கு வேகவைத்து ஒன்றிரண்டாக மசித்துக்கொள்ளுங்கள். ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, சின்னத் துண்டு பட்டை, இரண்டு கிராம்பு தாளித்து வதக்கி, பருப்பையும் கிழங்கையும் சேர்த்து, கால் மூடித் தேங்காய், நாலு பச்சை மிளகாய், ஒரு ஸ்பூன் சோம்பு, ஒரு ஸ்பூன் கசகசா, ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை அரைத்து விடவேண்டும். மிளகாய்த்தூள் போடவே கூடாது, நிறம் வெளிர் மஞ்சளாக இருந்தால்தான் கடப்பா. இறக்கிவைத்து எலுமிச்சம்பழம் பிழியுங்கள். சில வீடுகளில் தக்காளி போடுகிறார்கள், நான் போடமாட்டேன். ஆற ஆற இறுகும் என்பதால் கொஞ்சம் நீர்க்கவே இறக்குங்கள்.

டெல்டா சைவம் என்று எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் அக்ரஹாரத்துப் பிட்ளையும் ரசவாங்கியும்தான். அவை அருமையான சமையல், சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் மகள் கேட்கிற மாதிரியான சாப்பாடு வயல் வேலைக்குப் போன வீடுகளில் இன்னும் அதிகம். நெய்க்கு வழியில்லாத அடுக்களைகளில் கீரைக் கடைசலும் துவையலும் பழையதும்தான் ஆளைத் தாங்கின. அந்த வீடுகளில் நண்டும் மீனும் கருவாடும் உண்டு, நாகப்பட்டினம் பக்கம் கேட்கவே வேண்டாம். அவை இல்லாத நாளில் சமைத்தது எண்ணெய்கூட அளந்து விட்ட சைவம். இரண்டு அடுக்களையிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மோர்ச்சாதத்துக்கு என்ன செய்வது? இதுதான் உண்மையில் கஷ்டமான இடம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கடைசி வாய் மோரோடு முடியாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இராது. பழையது அதற்கு ஒரு வழி. ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் காலையில் நீராகாரம் தானாகவே இளம்புளிப்போடு இருக்கும். அதில் உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் நார்த்தங்காய் போட்டால் மோர் கேட்காது. மாப்பிள்ளைச் சம்பா மாதிரியான சிவப்பரிசியில் செய்தால் இன்னும் ருசி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழா வழியாக இந்த ரகங்கள் மறுபடி பல வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 2018-இல் அவர் மறையும்போது 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டிருந்தார். அந்த அரிசி இன்று உங்கள் ஊரில் தேடினாலே கிடைக்கும். ஒன்று மட்டும்: சித்திரை, வைகாசி வெயிலில் பழையதை மத்தியானம் வரை வெளியே வைக்காதீர்கள்.

தயிர்தான் வேண்டும் என்று மகள் ஏங்கினால் நிலக்கடலைத் தயிர் போடலாம். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துக் கடலை நன்றாக இருக்கும். ஒரு டம்ளர் பச்சைக் கடலையை ராத்திரி ஊறவைத்து, காலையில் தோலைக் கசக்கிக் களைந்து, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். அந்தப் பாலைச் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும், கைவிட்டால் அடிபிடிக்கும். விரல் பொறுக்கிற வெதுவெதுப்புக்கு ஆறினதும் ஐந்தாறு பச்சை மிளகாய்க் காம்பைக் கழுவிப் போட்டு மூடிவையுங்கள். எட்டு, பத்து மணி நேரத்தில் உறையும். முதல் தயிர் கொஞ்சம் நீர்த்துத்தான் வரும். அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றினால் கெட்டியாக நிற்கும். மாட்டுத் தயிர் ருசி இதற்கு வராது, கடலை வாடை இருக்கும். இஞ்சி, பச்சை மிளகாய், மாங்காய்த் துருவல் போட்டுத் தாளித்துச் சாதத்தில் பிசைந்தால் அந்த வாடை அடங்கிவிடும். வடிகட்டின சக்கையைத் தூக்கிப் போடாமல் அடைமாவில் சேருங்கள்.

பால் ஒளிந்திருக்கிற சில இடங்களைச் சொல்லிவிடுகிறேன். மோர்மிளகாய் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் பெரும்பாலும் உப்புப் போட்ட மோரில் ஊறித்தான் காய்ந்திருக்கும். வற்றல்குழம்பு வீகன் என்று நினைத்துக்கொண்டு போடுவோம். வீட்டிலேயே வெறும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் தீர்ந்தது, நல்ல வெயிலில் மூன்று நாலு நாள் போதும். ஹோட்டல் பொங்கலில் நெய், பேக்கரி ரொட்டி, பிஸ்கட்டுகள் பலவற்றில் பால்பவுடர். வீகன் என்றால் பெரும்பாலானவர்கள் தேனும் சாப்பிடுவதில்லை, அதையும் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வெண்பொங்கலுக்கு மிளகையும் சீரகத்தையும் முந்திரியோடு நல்லெண்ணெயில் பொரித்துக் கொட்டலாம். சம்பா சாதத்துக்கு நல்லெண்ணெய் இன்னும் பொருந்தும். டிகிரி காபியை மட்டும் வேறு எந்தப் பாலிலும் முயற்சி செய்ய வேண்டாம். அவளுக்குச் சுக்குமல்லிக் காபி போடுங்கள், இல்லையென்றால் இளசான டிகாக்‌ஷனில் நாட்டுச்சர்க்கரை.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உப்பிலியப்பன் கோயிலில் நைவேத்தியம் எல்லாமே உப்பில்லாமல்தான். அங்கே பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், புளியும் மிளகும் தூக்கி நிறுத்துகிற சாப்பாட்டில் உப்பு எவ்வளவு குறைந்தாலும் சமாளிக்கலாம். மாமியாருக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். கூட்டுக்கு இறக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பாதி உப்பிலேயே ருசி நிற்கும்.

சத்து விஷயத்தில் ஒன்றை மட்டும் சமையலால் ஈடுகட்ட முடியாது. பி12 வைட்டமின் நம் காய்கறி, பருப்பு, தானியம் எதிலும் நம்பத்தகுந்த அளவில் இல்லை. பால், தயிரை நிறுத்தினால் அது வருகிற வழி அடைபட்டுப்போகும். பழையதில் இருக்கிறது, கீரையில் இருக்கிறது என்று சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள். உங்கள் மகள் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு டாக்டர் சொல்கிற மாத்திரையைத் தவறாமல் எடுக்க வேண்டும். இதை அவளிடம் கண்டிப்பாகவே சொல்லுங்கள். சுண்ணாம்புச்சத்துக்கு அவ்வளவு கவலை வேண்டாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, முருங்கைக்கீரை, எள் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகு அடையில் ஒரு கை முருங்கைக்கீரை போட்டுத் தட்டுங்கள், எள்ளுப்பொடி தொட்டுக்கொள்ள. கீரைச் சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய் ஏதாவது ஒன்று சேர்ந்தால் இரும்புச்சத்தும் நன்றாகச் சேரும்.

நாள் கிழமைக்கு அவளை விட்டுவிட்டுப் பாயசம் வைக்காதீர்கள், தேங்காய்ப்பால் பாயசம் எல்லோருக்குமாகவே வையுங்கள். அரை டம்ளர் பாசிப்பருப்பை வறுத்து, ஒரு முழுத் தேங்காயில் எடுத்த இரண்டாம் பால், மூன்றாம் பாலிலேயே வேகவைக்க வேண்டும். முக்கால் டம்ளர் வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து, இரண்டும் ஒன்றாகக் கொதித்த பிறகு ஏலக்காய் போட்டு அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு நிமிஷம் பொறுத்து முதல் பாலை விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் திரிந்து எண்ணெய் பிரியும். வறுத்த தேங்காய்ப்பல்லைத் தேங்காயெண்ணெயிலேயே சிவக்கவிட்டு மேலே தூவலாம். பிறகு சூடு பண்ண வேண்டியிருந்தால் நேரே அடுப்பில் ஏற்றாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.